காற்றைப் பிடுங்கிய தெரு

வெட்டாற்றுக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவே, பழைய ரயில் பாதையின் தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். நேற்று அதில் சைக்கிள் ஓட்டிப் போனபோது, யாரோ டியூபில் காற்றை இறக்கிய சத்தம் கேட்டது. சட்டென்று சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்கு எட்டு வயது. 'இது ஏழைகளின் ஆட்சி' என்று மேடைதோறும் பேசினார்கள். மிராசுதார் தெருவுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சியைக் கூட்டிவரச் செல்லம் அக்கா சைக்கிளை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். அந்தத் தெருவில் மிராசுதாரின் காரியஸ்தர் எங்களை மறித்தார்.

"எறங்குடி! இந்தத் தெருவுல நீங்க சைக்கிள்ல ஏறிப் போறதா?"

"அம்மாவுக்கு ரொம்ப முடியலைங்க. விடுங்கய்யா."

"கூலிய ஒசத்திக் கேட்டப்ப இந்தப் பணிவு எங்கடி போச்சு?"

இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ரயில் பாதையோடு ஓடினோம். ஜல்லி குத்தி அக்காவின் கால் கிழிந்தது. மருத்துவச்சியோடு திரும்பியபோது அம்மா பிழைத்திருந்தாள். தம்பி பிழைக்கவில்லை.

மறுவாரம் அக்கா அதே தெருவில் சைக்கிளில் ஏறியே போனாள். நடவுப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் நடந்தார்கள். காரியஸ்தர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று பாதையின் முடிவில் ஒரு கல்வெட்டைப் பார்த்தேன். பாதையை அகலப்படுத்த இடம் கொடுத்த வள்ளல் என்று அந்த மிராசுதாரின் பெயரைப் பொன்னெழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் தம்பிக்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை.