வேருக்குப் பாத்திரம் தேடிய பாத்திரக்கடைக்காரர்

உற்றார் உறவினரே, செஞ்சிக் கடைவீதிப் பெருமக்களே, பந்தியில் எனக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்ற மறுத்த புண்ணியவான்களே, இங்கே நான் எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று ராஜகிரி மலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

செய்தி வந்தது ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருந்தேன். போனில் என் அக்கா மகள் ரேவதி. "மாமா, மாமா போய்ட்டாரு மாமா" என்றாள். அதில் முதல் மாமாவும் கடைசி மாமாவும் நான். போனவர் நடுவில் இருந்தவர். அவளுடைய மாமனார், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஏகாம்பரம் அவர்கள். சாப்பிட்டதும் மொட்டைமாடிக்குப் போய்ச் செடிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காப்பிக்குக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்ட ரேவதி, "அளக்காம எழுதுங்க மாமா" என்றும் சொன்னாள். பார்க்கலாம் என்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏகாம்பரம் அவர்கள் கடையில் குடம், குண்டான், அண்டா, தவலை எல்லாம் கூரை முட்ட அடுக்கியிருக்கும். ஒரு தும்மல் போட்டால் போதும், திண்டிவனம் வரைக்கும் கணகணவென்று கேட்கும். அவ்வளவு பாத்திரத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாத ஒரு பாத்திரத்தை ஆயுள் முழுக்கத் தேடியவர் அவர். ஒடித்து நட்ட ஒரு குச்சி, நிம்மதியாக வேர் விடுவதற்கு ஏற்ற பாத்திரம். செடி வளர்ப்பவர்கள் ஊரில் நிறைய உண்டு. குச்சிக்கு எந்த வீடு பிடிக்கும் என்று குச்சியின் பக்கம் நின்று யோசித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ஒளிந்திருந்து.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ரேவதிக்கு அவருடைய மகன் முரளியின் ஜாதகம் வந்தது. பத்துப் பொருத்தமும் பொருந்திவிட்டது. எங்கள் பக்கத்தில் பதினோராவது பொருத்தம் ஒன்று உண்டு. பெண் வீட்டு ஆள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை ஊருக்குப் போய், டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டு வருவார். தாய்மாமன் என்ற முறையில் அந்த ஒற்றர் படைத் தளபதி பதவி எனக்கு வந்தது.

தளவானூரில் இருக்கும் என் அக்கா கோமதிக்கு ஒரே நிபந்தனைதான். அந்த வீட்டில் குடி இருக்கக் கூடாது. காரணம் சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். அத்தான் குடித்தே போனவர். ரேவதிக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு பழுப்புநிறப் பாட்டில் எதுவும் அக்கா வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. இருமல் டானிக் வாங்கினால்கூட அதை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வரச்சொல்வாள். "சொந்த வீடு இருக்குதா, நெலம் இருக்குதான்னுலாம் பாக்காத. அது ஒண்ண மட்டும் பாத்துட்டு வாடா" என்று சொல்லி அனுப்பினாள். முரளியின் போட்டோ ஜாதகக் கவரிலிருந்து ரேவதியின் கைப்பைக்குக் குடிபெயர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்ட படைகள் எல்லாம் சேர்ந்து பட்ட பாட்டை நான் தனியாளாக இரண்டே நாளில் பட்டேன். முதல் நாள் டீக்கடைக்காரரைக் கேட்டேன். "ஏகாம்பரமா, தங்கமான மனுசன்" என்றார். டீயை ஒரு ஆற்று ஆற்றினார். "அந்தப் பாட்டில் விஷயத்த வுட்டா ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றார்.

நான் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பின்தொடர்ந்தேன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் பை. நேராகக் கோட்டை அடிவாரத்துக்குப் போனார். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் மரத்தடியில் விட்டுப்போன பீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டார். நான் எண்ணியவரையில் நாலாயிரம் பாட்டில். ஒரு மஞ்சள் பையில் எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்கள் அடுத்த பக்கத்தில் மருமகன் முரளி எழுதியிருப்பதைப் படிக்கப் போகலாம்.

அன்று காலையே அவர் வீட்டுக்கு எதிர்மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பழுப்புப் பாட்டில்கள் படைவீரர்களைப் போல் வரிசை கட்டி நின்றன. ஏகாம்பரம் அவர்கள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு. தலையை ஆட்டினார். அடுத்த பாட்டில். அதற்கும் அப்படியே. ஏழாவது பாட்டிலில் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது. அப்படி ஒரு புன்னகையைக் கல்யாண மாப்பிள்ளைகளிடம்கூட நான் கண்டதில்லை.

இனி விசாரிக்க என்ன இருக்கிறது. அடுத்த பஸ்ஸில் தளவானூர் பக்கம் போனேன். பார்த்ததைச் சொன்னேன். பார்க்காததையும் கொஞ்சம் சொன்னேன். அக்கா முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வேணாம்னு சொல்லிடு" என்றாள். பாட்டில்தான் காரணம் என்று தரகர் மூலம் சொல்லியாகிவிட்டது. அன்று ரேவதி சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

நாலாம் நாள் காலையில், நானும் அங்கே இருந்தபோது, அக்கா வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் பை வந்து நின்றது. பின்னாலேயே ஏகாம்பரம் அவர்கள். பையிலிருந்து ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்துத் தெருக்குழாய்ப் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரு குச்சி. குச்சியின் தலையில் நாலு இலை. அடுக்குச் செம்பருத்தி.

"உள்ள வரமாட்டேம்மா. இது வெளியவே இருக்கட்டும். எதுக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்" என்றார்.

கோவில் தேரே வந்து நின்றாலும் அன்றைக்கு அக்கா அசைந்திருக்க மாட்டாள். வாசக்காலில் கைவைத்தபடி, ஊருக்கே குடம் விற்கிறவருக்கு இந்தப் பாட்டில்தான் கிடைத்ததா என்று கேட்டாள்.

அவர் கோபிக்கவில்லை. சரியான கேள்வி கேட்க இத்தனை நாள் கழித்து ஒருவர் வந்தாரே என்பது போல அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதையேதாம்மா நானும் தேடிக்கினு இருக்கேன்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன். டம்ளரில் வைத்தால் குச்சி சாய்கிறது, இலை தண்ணீரில் விழுந்து அழுகுகிறது. நிறமில்லாத கண்ணாடியில் நிற்கிறது, ஆனால் வெயில் பட்டுப் பாசி பிடிக்கிறது. செப்புச் சொம்பில் வேர் எட்டியே பார்க்கவில்லை. தயிர் டப்பா காற்றடித்தால் கவிழ்ந்துவிடுகிறது. இந்தப் பாட்டிலுக்குக் கழுத்து ஒல்லி, குச்சி நேராக நிற்கிறது. நிறம் வெயிலை உள்ளே விடுவதில்லை. "வேருக்கு இருட்டு வேணும்மா. நாம பாக்கறோம்னு தெரிஞ்சா அது வராது" என்றார். பழைய நாற்றம் மிச்சமிருந்தால் குச்சிக்கு ஆகாது, அதனால் சீயக்காய் போட்டுக் கழுவி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாராம். நாற்றம் போயிருந்தால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் தூணுக்குப் பின்னால் என் உடம்பை இன்னும் கொஞ்சம் ஒல்லியாக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"அன்னிக்கு எதிர்மாடியில தொட்டிக்குப் பின்னாடி இருந்தது நீங்கதானே. ரொம்ப நேரம் வெயில்ல இருந்தீங்க. மோர் குடுத்தனுப்பலாம்னு பாத்தேன், அதுக்குள்ள எறங்கிட்டீங்க."

அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியது என்று எழுத ஆசைதான். பிளக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாதி வேலை நடந்தது.

"இதுல ஒரு கஷ்டம் இருக்குது" என்று அவர் பாட்டிலைக் காட்டினார். உள்ளே போகும்போது வெறும் குச்சி. வெளியே வரும்போது அடியில் ஒரு தாடி. கழுத்து விடாது. பாட்டிலை உடைக்க வேண்டும். உடைத்தால் பாதி வேர் அறுந்துபோகும். பத்துக்கு ஆறு செத்துப்போகின்றன என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. மகனுக்குப் பேசிய சம்பந்தம் தட்டிப்போனதைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா வாசக்காலிலிருந்து கையை எடுத்தாள். "வாய் அகலமா இருக்கணும், உள்ள இருட்டா இருக்கணும், குச்சி சாயக் கூடாது. அவ்ளோதானே" என்றாள். உள்ளே போனாள். வரும்போது விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடி கையில் இருந்தது.

அவர் அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தட்டினார். முகர்ந்தார். "உப்பு" என்றார் கவலையாக.

"கஞ்சித்தண்ணி ஊத்தி ரெண்டு நாள் வெச்சா போயிடும்."

"குச்சி சாயுமே."

அக்கா மறுபடி உள்ளே போய் ஒரு கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து ஜாடியின் வாயில் கவிழ்த்தாள். கண் இருக்கிற பாதி. மூன்று கண்ணையும் கம்பியால் குத்திவிட்டால் மூன்று குச்சி நிற்கும். வேர் வந்ததும் கொட்டாங்குச்சியோடு தூக்கிவிடலாம், பிறகு அதை மட்டும் தட்டி உடைத்துக்கொள்ளலாம். ஜாடிக்கும் சேதமில்லை, வேருக்கும் சேதமில்லை.

ஏகாம்பரம் அவர்கள் கொட்டாங்குச்சியை எடுத்து எடுத்து மறுபடி கவிழ்த்துப் பார்த்தார். இத்தனை வருடம் அண்டா குண்டானுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு வராத யோசனை. "யம்மா" என்றார். இரண்டு கையாலும் ஜாடியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். சம்மதமா என்று கேட்கக்கூட மறந்துவிட்டார். அக்காவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அக்கா சரி என்றாள். அந்த மூன்று நாளும் நான் அவளிடம் வாதாடிய வாதாட்டத்தில் தளவானூர் குகைக்கோயில் தூண்களே தலையாட்டின என்றும், இந்தக் கல்யாணமே என் நாக்கினால் நடந்தது என்றும் காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று எல்லா விசேஷத்திலும் நான் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் தேடல் ஓயவில்லை, பெரிதாகிவிட்டது. மணவறையில் முரளி தாலி கட்டும்போது அவர் கண் ஐஸ்கிரீம் கப்பின் மேல் இருந்தது. அடியில் ஓட்டை போட்டால் மண் பிடிக்குமா, தண்ணீர் வடியுமா என்று என்னிடம் கேட்டார். அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போனால் மற்றவர்கள் காய் வாங்குவார்கள், இவர் காய்க்காரரின் உடைந்த கூடையை வாங்குவார். என் பழைய ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி மல்லாத்தி வைத்துக் கற்பூரவல்லி நட்டார். ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் சுண்ணாம்பால் கொடுத்தவர் பெயரை எழுதிவைப்பார். ஒரு வருடத்தில் அந்தக் கற்பூரவல்லி மலைமேல் ஏறிக் கோட்டையைப் பிடித்துவிட்டது என்று நான் சொன்னபோது, "இல்ல சம்பந்தி, படிக்கட்டு வரைக்கும்தான்" என்று முகம் மாறாமல் என்னோடு சேர்ந்து அளந்தவர் அவர்.

தோற்றதையும் மறைக்க மாட்டார். கறிவேப்பிலைக் குச்சியை ஜாடி, சட்டி, இளநீர் ஓடு, பழைய கெட்டில் என்று எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட வேர் விடவில்லை. "அது மட்டும் என்னை மதிக்கல சம்பந்தி" என்பார். மறுநாள் வேறொரு டப்பாவில் இன்னொரு குச்சி நிற்கும்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது போன மாதம். என் பல்செட் வைக்கிற டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியில் ஓட்டை போட்டால் நாலு குச்சி நிற்குமாம். எப்போது காலியாகும் என்று கேட்டார். நான் காலியானதும் என்றேன். சிரித்துவிட்டு, "அவசரமில்ல, மெதுவா குடுங்க" என்றார். முறைப்படி பார்த்தால் அவர் காத்திருந்திருக்க வேண்டும். வாக்குத் தவறியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

காரியத்தன்று படையலுக்கு முன்னால் வைக்கிற தாளில் பொய் இருக்கக் கூடாது என்று ரேவதி நேற்றும் போன் செய்தாள். நாலாயிரம் பாட்டில் என்பது நாற்பது. ஹெல்மெட் நிஜம் என்றாலும் கோட்டை நிஜமில்லை. மற்றதை எந்த விகிதத்தில் கழிப்பீர்களோ கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாளும் நான் அக்காவிடம் வாதாடவே இல்லை. தளவானூர்ப் பக்கமே போகவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் போனது, அக்கா கூப்பிட்டனுப்பியதால். ஜாடி கிடைத்த சந்தோஷத்தில் சம்பந்தி அந்தப் பாட்டிலைக் குழாயடியிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தூக்கி எறியத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு சாக்குப்பையோடு போனேன். குழாயடியில் பாட்டில் இல்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்படி ஜன்னலருகில் அக்கா நின்றிருந்தாள். இடது கை இரண்டு விரலால் அந்தச் செம்பருத்திக் குச்சியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பழுப்புப் பாட்டிலைச் சாய்த்துப் பழைய தண்ணீரை வடித்தாள். புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஐந்தாவது இலை விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "செடி இன்னா பண்ணுச்சு பாவம்" என்றாள். பிறகு, "போயி அவங்களுக்குச் சரின்னு சொல்லிட்டு வா" என்றாள்.

சம்பந்தி, நீங்கள் இருந்தவரை இதை உங்களிடம் சொல்லாமல் பெருமையை நானே வைத்துக்கொண்டேன். மன்னித்துப் போய்வாருங்கள். இவ்வளவு எழுதியதில் அந்தத் தண்ணீர் மாற்றிய ஒரு சின்ன இடத்தில் மட்டும் நான் அளக்கவில்லை.