நான் செல்போனாக வேடம் போட்டது

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாக டி.வி. தெரிகிற செல்போன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. சித்தப்பா வாங்கிய சைனா செட். இரண்டு சிம், எஃப்.எம்., டார்ச், கேமரா, கூடவே நீட்டி மடக்குகிற ஏரியல். பாட்டுப் போட்டால் மூன்றாவது வீட்டு நாய் குரைக்கும். டி.வி.யில் படத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம், கேமராவில் எல்லோருக்கும் ஒரே முகம், டார்ச்சைப் பத்து நிமிடம் எரித்தால் பாதி சார்ஜ் காலி. இதையெல்லாம் நான் வெளியே சொல்லவில்லை. நான்காம் வகுப்பில் எனக்கிருந்த மதிப்பில் முக்கால்வாசி அந்த ஃபோனால் வந்தது.

அதனால் பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றதும், மற்றவர்கள் ராணி, போலீஸ் என்று கிளம்ப, நான் செல்போன் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி, பட்டன்கள் ஒட்டி, தலைக்கு மேல் குடைக்கம்பியை ஏரியலாகச் செருகினார். டிப்ளமா முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவர், நேரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த வாரம்தான் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி லேபுக்கு இன்டர்வியூ போய்வந்திருந்தார். சனிக்கிழமை காலையில் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போட்டியும் அதே சனிக்கிழமை காலைதான்.

லாரி ஓட்டும் அப்பா வெளியூரில் இருந்தார். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அம்மாவுக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. "வீடியோ எடுத்துனு வந்துடுப்பா, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டில் ஒத்திகை எடுத்துப் பார்த்தோம். பாதியில் ஏதோ சிம் கம்பெனியின் விளம்பர அழைப்பு வந்து வீடியோ நின்றது. தேடினால் எடுத்த பாதியும் இல்லை.

"இன்னா பேஜாரு இது! ஃபோன் வந்தா படம் பூடுதே" என்றார் சித்தப்பா.

மறுநாள், எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே சித்தப்பா எதையோ அழுத்தினார். திரையில் டவர் கோடுகள் இரண்டும் காணாமல் போயின. சிம் இரண்டையும் அணைத்துவிட்டார். இனி யாரும் கூப்பிட முடியாது, படமும் அறுபடாது. சித்தப்பா மூளையே மூளை என்று எனக்கு ஒரே பூரிப்பு. அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்து மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை. சித்தப்பா இரண்டு மூன்று தடவை ஃபோனைப் பார்த்தார். அணைத்த சிம் மறுபடி எழுந்திருக்க அந்த ஃபோனுக்கு வெகுநேரம் பிடிக்கும். என் பெயரையோ எந்த நிமிடமும் கூப்பிடலாம். அப்படியே வைத்துக்கொண்டார்.

மேடையேறி, "பேசுவேன், பாடுவேன், படம் காட்டுவேன், வெளிச்சம் தருவேன், எல்லா வேலையும் ஒரே நேரத்தில் செய்வேன்!" என்று கத்தினேன். குடைக்கம்பி தோரணத்தில் மாட்டிக்கொண்டது. நான் அசரவில்லை. "டவர் கிடைக்கவில்லை" என்று சொல்லிக் கம்பியை இழுத்தேன். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. முதல் பரிசு எனக்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலை நிமிரத்தான் செய்கிறது.

வெளியே வந்து சித்தப்பா சிம்மை உயிர்ப்பித்ததும் மிஸ்டு கால் மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. வேன்கள் நிற்கிற பக்கம் தள்ளிப்போய் யாரிடமோ பேசினார். "சார்... சார்..." என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

"யாரு சித்தப்பா?"

"ராங் நம்பர்மா. மூணு வாட்டி அடிச்சிருக்கான். நீ வா, ரோஸ் மில்க் குடிக்கலாம்."

சாயங்காலம் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று வீடியோவைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "காலேஜ்லேர்ந்து ஃபோன் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் வர்ல அண்ணி."

எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவின் சாமர்த்தியம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? "எப்படிம்மா வரும்? படம் கட்டாகக் கூடாதுன்னு சித்தப்பா ரெண்டு சிம்மையும் ஆஃப் பண்ணிட்டாரே! ஒரு ராங் நம்பர்தான் மூணு வாட்டி வந்துச்சு" என்றேன்.

சித்தப்பா தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார். அம்மா வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. குடைக்கம்பி மாட்டிக்கொள்ளும் இடத்தில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

என் நடிப்பு அம்மாவையே அழவைத்துவிட்டது என்று திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.