ராத்தா எழுதிய சுவர்

எங்கள் ராத்தா மௌத்தாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களில் பலர், அவர் எழுதியதில் ஒரு பக்கமும் வாசித்ததில்லை. அதனால் அவருடைய தங்கை நானே சொல்லிவிடுகிறேன்.

ராத்தா சாய்ந்தமருதில் பிறந்தார். இங்கேயே படித்து, இங்கேயே ஆசிரியையானார். பழைய பெரிய நாவல்கள் என்றால் அவருக்கு உயிர். கதை தொடங்குமுன் ஒரு வீட்டின் கதவையும் கூரையையும் பக்கம் பக்கமாக வர்ணிப்பார்களே, நாமெல்லாம் தாண்டிப் போகும் அந்த இடங்களைத்தான் அவர் திரும்பத் திரும்ப வாசிப்பார். "ஊட்ட வடிவாப் பாத்தாத்தான் புள்ள, உள்ளுக்க இரிக்கிற ஆக்கள்ற மனசு வெளங்கும்" என்பார்.

அவரும் அப்படியே ஒரு நாவல் தொடங்கினார். முதல் அத்தியாயம் ஊர்ச் சஞ்சிகையில் வந்தது. அதில் ஆள் என்று உம்மா ஒருவர்தான். மற்றதெல்லாம் எங்கள் வீடு. சுனாமியன்று எங்கள் தம்பியைக் கொண்டுபோன கடல் முன்னறைச் சுவரில் ஏறி நின்ற கோடு, அதன் கீழே பூத்த உப்பு, என்ன பூசினாலும் மழைக்காலத்தில் அது மறுபடி தெரிவது, அந்தச் சுவருக்கு முதுகு காட்டியே உம்மா உட்காருவது.

பிறகு எனக்குச் சம்பந்தம் வந்தது. நம் ஊரில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் ஏது? ராத்தா தனக்குக் கல்யாணம் வேண்டாமென்று, மூத்தவருக்குரிய அந்த வீட்டை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். வாப்பா புதிதாகப் பெயின்ட் அடித்தார். வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா கைப்பையிலிருந்து அந்தச் சஞ்சிகையை எடுத்தார். வாசித்துக்கொண்டே நடந்து, முன்னறைச் சுவரில் சரியான இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"இந்தா இரிக்கி கோடு. எழுதின புள்ள பொய் எழுதல்ல" என்றார். ஊற்றி வைத்த தேத்தண்ணீரை யாரும் தொடவில்லை. கடல் ஏறிய வீடு வேண்டாமென்று சம்பந்தம் அதோடு முறிந்தது.

அன்று சொந்தக்காரர்கள் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தனக்கில்லாத வாழ்வு தங்கச்சிக்கும் வேணாமெண்டுதான் எழுதிப்போட்டா." சம்பந்தம் வருமுன்பே அச்சானது அது என்று நான் கத்தியதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய மாமா தீர்ப்புச் சொன்னார்: "கதை எழுதுறெண்டா எழுது மகள். ஊடு வாசலப் பத்தி எழுதாத."

ராத்தா "ஓம் மாமா" என்றார்.

நாவல் அந்த அத்தியாயத்தோடு நின்றது. அதன்பின் அவர் எழுதிய சிறுகதைகளில் ஆட்கள் வருவார்கள், கதைப்பார்கள், போவார்கள். எந்த வீட்டில் என்று தெரியாது. "இப்பதான் லேசா வாசிக்கேலுது" என்று மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் பாராட்டினீர்கள்.

எனக்கு வாய்த்தவர் சுவரைப் பார்க்காமலே நிக்காஹ் செய்தார். ராத்தா கடைசி மாதங்களில் படுத்திருந்ததும் அதே முன்னறையில்தான். மழை பிடித்ததும் கோடு தெரிந்தது. பெயின்ட் அடிக்கவா என்று கேட்டேன்.

"வேணாம் புள்ள. அந்தக் கோடாவது கிடக்கட்டும்" என்றார்.

அல்லாஹ் அவருடைய கபுறுக்குழியை விசாலமாக்குவானாக. வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிந்த என் கணவருக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், யாசீன் ஓதியவர்களுக்கும் நன்றி. அன்று வீடு பார்க்க வந்த அந்த உம்மாவுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ராத்தா எழுதியதை இந்த ஊரில் ஒரு வரி விடாமல் வாசித்தவர் அவர் ஒருவர்தான்.