துணி போட்ட பேணி

தெல்லிப்பழையிலிருந்து காங்கேசன்துறைப் பக்கமாக நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது என் கையிலிருந்த பால்மாத் தகரப் பேணி அடிக்கொருதரம் கலகலத்தது. அதுவரை அந்தப் பேணி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தலையில் உடுப்பு மூட்டையோடு முன்னால் போன அம்மா திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் விரலை உதட்டுக்குக் கொண்டுபோய், பிறகு கையைக் கீழே விட்டுவிட்டார்.

என்னைப் பெற்ற ஐயா கடலுக்குப் போய்த் திரும்பாமல்விட்ட பிறகு அம்மா ஒரு ரீச்சர் வீட்டில் சமைத்தார். எனக்கு அப்போது நாலு வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் ரீச்சருக்கு நித்திரை வேண்டும். குசினிக்குள் ஒரு பிள்ளை இருப்பது காதில் விழக்கூடாது என்பதுதான் என்னையும் அங்கே வைத்திருக்க அவர் போட்ட நிபந்தனை. ஆகவே சத்தமில்லாத விளையாட்டுகளாகப் பார்த்து அம்மா எனக்குக் கண்டுபிடித்துத் தந்தார். தென்னந்தும்பைத் தண்ணீரில் தோய்த்துச் சீமெந்து நிலத்தில் மாடு கீறலாம். கொம்பு கீறி முடியமுன் வால் காய்ந்துவிடும், திரும்பவும் கீறலாம். வெங்காயச் சருகை ஊதி ஊதிச் சுவர்மட்டும் கொண்டுபோகலாம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தப் பேணிதான். அதற்குள் குண்டுமணியும் புளியங்கொட்டையும் கலந்து கிடக்கும், "தெரிஞ்சு" வேறாக்க வேண்டும். முழுவதும் தெரிந்து வைத்ததை அம்மா பொழுதுபட்டதும் திரும்பக் கலந்துவிடுவார். விழும்போது சத்தம் வராமல் அடியில் ஒரு பழந்துணி போட்டிருந்தார். "மூச்சுக் காட்டாமல் இருந்தால்தான் எங்களுக்குச் சோறு, ராசா" என்பது அன்றாடப் பாடம். நான் சந்தோஷமாகவே இருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் அம்மா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது ரீச்சரின் மகள், என்னிலும் சின்னவள், தாய்க்குப் பக்கத்திலிருந்து மெல்ல எழும்பிக் குசினிக்கு வந்துவிட்டாள். இருவருமாகப் பேணியைக் கொட்டித் தெரிந்து வேறாக்கினோம். அவள் ஒரு குண்டுமணியை முதலில் காதிலும் பிறகு மூக்கிலும் வைத்துப் பார்த்தாள், அது உள்ளே போய்விட்டது. வாயைப் பிளந்து அழ ஆயத்தமானவளைப் பார்த்து நான் விரலை உதட்டில் வைத்தேன். அவளும் தன் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, கண்ணீர் ஒழுக ஒழுக, மற்றக் கையால் சத்தமில்லாமல் மூக்கைக் குடைந்தாள். அம்மா ஓடிவந்து பேணிக்குள் இருந்த துணியை உருவி இரத்தத்தைத் துடைத்தபோதுதான் ரீச்சர் எழும்பினார்.

ஆசுப்பத்திரியில் மணியை எடுத்துவிட்டார்கள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்த ரீச்சர் என்னைக் காட்டி, "உவனுக்கு வாயில்லையோ? ஒருக்கால் கத்தியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டுவிட்டு, எங்களை அன்றைக்கே போகச் சொன்னார். அம்மா மூட்டையைக் கட்டினார்.

றோட்டில் நானும் அதைத்தான் கேட்டேன், கத்தியிருக்க வேணுமோ என்று.

"ஓம். ஆனால் பிழை உன்ரையில்லை. உன்னை நல்லாய்ப் பழக்கிப்போட்டன்." சிறிது தூரம் போனபின், "இப்ப கத்து, தம்பி. இஞ்சை ஆரும் படுக்கேல்லை" என்றார். எனக்குக் கத்த வரவில்லை. பேணியைத்தான் ஆட்டினேன்.

நாலாம் வகுப்போடு நின்று, தோட்டம், லொறி, துறைமுகம் என்று வேலைக்கு வேலை மாறித் திரிந்தவன் நான். ரீச்சரின் அந்த வீடு இப்போது இல்லை, பேணியும் துருவேறி எங்கோ போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. லொறியின் பின்கதவில் கை நசுங்கியபோதும் நான் சத்தம் போடவில்லை, சாரதி இறங்கி வருமட்டும் அப்படியே நின்றேன். பிள்ளை சத்தமில்லாமல் விளையாடுது என்று யாராவது தாய் பெருமையாகச் சொன்னால், நான் எழும்பிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

ரீச்சர் வீட்டை விட்டு வந்த அன்றைக்கு அம்மாவின் தங்கை வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை அம்மா றோட்டுக்குக் கல்லுடைக்கும் வேலைக்குப் போனார். சுத்தியல்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருந்த அந்த இடத்தில் என்னை ஒரு பனையின் நிழலில் இருத்தி, பேணியைக் கையில் தந்து, இனி எவ்வளவும் கத்தலாம் என்று சொன்னார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.