ஆற்றோரத் தோட்டத்துப் பூசணிக்காய்

பக்கிரிசாமி கெடாவில் கரங்கானை அடுத்த ஆற்றோரத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். 1943ஆம் ஆண்டு தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. மனைவி மருதம்மாள், பிள்ளைகள் இல்லை. ஜப்பானியர் வந்தபின் ரப்பர் வாங்க ஆளில்லாமற் போகவே, இருவரும் மரவள்ளி நட்டனர். தோட்டத்துப் பந்தாட்டக் குழுவில் அவர் ஒருநாளும் ஆடியதில்லை. அதன் ஆட்டம் ஒன்றைத் தவறவிட்டதுமில்லை. வட்டாரத் தோட்டங்களின் கோப்பைப் போட்டி தொடங்கிய நாள்முதல், இறுதியாட்டம்வரை சென்று தோற்பதே அக்குழுவின் வழக்கம்.

அவ்வாண்டு நிலைமை வேறு. மூடிக்கிடந்த பக்கத்துத் தோட்டங்களின் நல்ல ஆட்டக்காரர்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் பரஞ்சோதி என்ற இளைஞனின் கால் பட்டாலே கோல் என்று கூலிம் கடைத்தெருவரை பேச்சு. தோட்டத்து எழுத்தரான கிராணி சீனிவாசகம், வரப்போகும் கோப்பையை வைக்க அலுவலகச் சுவரில் பலகையே அடித்துவிட்டார்.

பலகையைப் பார்த்த பக்கிரிசாமிக்குக் கண் பட்டுவிடுமே என்ற பயம். இத்தனை வாய் புகழ்ந்தால் எந்தக் கால் தாங்கும்? தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகச் சென்று வாயை அடக்கச் சொன்னார். சீனிவாசகம் சிரித்தார்.

"போய்யா பக்கிரி. கோப்பையைத் தொடைக்க ஒரு நல்ல துணி பாத்து வை."

முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள், பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்த பரஞ்சோதி கண் இருண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். பக்கிரிசாமி வீட்டுக்கு ஓடினார். லயத்துக் கூரையில் மருதம்மாள் கண்ணுங்கருத்துமாக வளர்த்திருந்த ஒரே பூசணிக்காயை அறுத்து, தோளில் ஏற்றித் திடலுக்கு வந்தார். ஆண்டுதோறும் குழுவுக்குத் திருஷ்டி கழிப்பவர் அவரே. கற்பூரம் கிடைக்காத காலம். ஆகவே காயின் தலையில், ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் துண்டை வைத்துக் கொளுத்தினார். கரும்புகை சூழ, ஆட்டக்காரர்கள் இருமிக்கொண்டே நிற்க, மூன்று முறை சுற்றிக் காயை ஓங்கினார்.

பின்னாலேயே ஓடிவந்த மருதம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளைக்குக் கண்ணு பட்டுச்சா, வயிறு காஞ்சுச்சான்னு கேட்டீங்களா?"

அவர் கேட்டிருக்கவில்லை. பரஞ்சோதியின் பக்கம் திரும்பினார்.

"நேத்து என்ன தம்பி சாப்பிட்ட?"

"தண்ணி குடிச்சேண்ணே."

சுற்றிய காயை எவரும் தின்பதில்லை. தின்றவரைத் திருஷ்டி பற்றிக்கொள்ளும். அவரைவிட அதை நம்பியவர் தோட்டத்தில் இல்லை. சிறிது நேரம் காயையும் பையனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஈரமண்ணை அள்ளி நெருப்பை அணைத்தார்.

திடலோரத்திலேயே அடுப்பு மூட்டி, கருவாட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு மருதம்மாள் சமைத்தாள். ஒருவரும் கை நீட்டவில்லை. பக்கிரிசாமி முதல் துண்டை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டார்.

"பட்ட கண்ணெல்லாம் எனக்கு. நீங்க தின்னுங்க."

பானை காலியாயிற்று. மறுநாள் நான்கு கோல் வித்தியாசத்தில் வெற்றி. பக்கிரிசாமிக்கு நேர்ந்த தீங்கு, ஒட்டுப்பால் வாடையோடு வந்த ஏப்பம் மட்டுமே.

அதன்பின் அவர் எவர் வாயையும் அடக்கவில்லை. கோப்பை நமக்குத்தான் என்று சொல்பவர் எவரும் குழுவின் பானைக்கு ஒரு காய் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். புகழ்ச்சி எங்கே கேட்டாலும் சாக்கோடு போய் நின்றார். வாழைக்காயும் கீரையும் வந்து குவிந்தன. எல்லாரினும் அதிகமாகப் பேசிய சீனிவாசகம் ஒரு சேவலையே இழந்தார்.

இறுதியாட்டம் கூலிம் பாடாங் திடலில், மெர்போக் தோட்டக் குழுவோடு. வருசா வருசம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்று மெர்போக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், மற்றவர் கால்கள் தளர்ந்த வேளையில், பரஞ்சோதி பாதித் திடலைத் தனியாகக் கடந்து பந்தை வலைக்குள் அடித்தான். அவனைப்போல் ஒருத்தன் இந்தக் கெடாவிலேயே இல்லை என்று பக்கிரிசாமி தொண்டை கிழியக் கத்தினார். சீனிவாசகம் அவர் தோளைத் தட்டினார்.

"பக்கிரி, ஒரு காய் எடு."

கோப்பையைப் பரஞ்சோதி முதலில் மருதம்மாளின் கையில்தான் கொடுத்தான். பிறகுதான் அது பலகைக்குப் போயிற்று.

அதற்காக ஆற்றோரத் தோட்டம் காத்திருந்தது பதினான்கு ஆண்டுகள்.