சனியும் தோணி விளக்கும்

தொலைநோக்கி வாங்கிய அன்றே அயல் பிள்ளைகளைப் பின்வளவுக்கு அழைத்து, போன் டவரின் சிவப்பு விளக்கைச் செவ்வாய்க் கிரகமென்று காட்டிய மடையன் நான்தான்.

"மாமா, அது டவர்!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நுளம்புக்கு மூட்டிய வேப்பிலைப் புகை மூக்கில் ஏற, எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

இதே வளவு, இதே புகை. அம்மா பாயை உதறி மணலில் விரிப்பார். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் வாவிப்பக்கம் மின்னிய வெளிச்சத்தைக் காட்டி, "புது வெள்ளி! புது நட்சத்திரம்!" என்று கத்தினேன்.

"அது மீன் தோணிட விளக்குடா" என்றாள் பக்கத்து வீட்டு ராணி. கூடியிருந்த பிள்ளைகள் சிரித்தபடி எழும்பிப் போனார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

இப்போது இவர்களும் எழும்பத் தொடங்கினார்கள்.

"கொஞ்சம் பொறுங்க புள்ளையள்!" என்று கெஞ்சியபடி தொலைநோக்கிக் குழாயைத் திருப்பினேன். வந்தது சனி, வளையத்தோடு! பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருநாய்களெல்லாம் குரைத்தன. "எனக்கு, எனக்கு!" என்று முண்டியடித்தார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த அதே ராணியையும் இழுத்துப் பார்க்கவைத்து, நெஞ்சை நிமிர்த்தி, "எப்படி?" என்றேன்.

நெடுநேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "ஓம்டா, இது தோணி இல்ல."