வளர்ற பிள்ளைக்கு வெட்டிய அம்பு

பெரம்பலூரில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் அறிவுச்செல்வன் ஒரு நூல்கூடப் பிசகாத மனிதர். அதெல்லாம் அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்குத்தான். மகள் வினோதினிக்கு எதை வாங்கினாலும், "வளர்ற புள்ள, கொஞ்சம் தாராளமா குடுங்க" என்பார். அவள் நடந்தால் செருப்பு தனியாகத் தாளம் போடும். யூனிஃபார்ம் சட்டைக்குள் இன்னொரு வினோதினியும் குடியிருக்கலாம்.

ப்ளஸ் ஒன் படிக்கும் அவள் வில்வித்தையில் கெட்டிக்காரி. சென்னையிலிருந்து பஸ் பார்சலில் கார்பன் அம்புத்தண்டுகள் வந்து இறங்கியதும், வெட்டி ஒட்டும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். கார்பன் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று மூக்குக்கு மாஸ்க், சுற்றும் வெட்டுத்தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், வெட்டிய வாய்க்கு உப்புத்தாள். வேலை சுத்தம்தான். வால்பக்கம் இறகுகளையும் தலைப்பக்கம் எஃகு முனைகளையும் பசை வைத்துப் பொருத்தினார். ஆனால் அவளுடைய கோச் சொன்ன அளவைவிட நாலு விரற்கடை நீளம் விட்டிருந்தார். வெட்டியதைத் திரும்ப ஒட்டவா முடியும், அடுத்த வருஷம் பிள்ளைக்குக் கை நீளுமே என்பது அவர் கணக்கு.

நீளம் கூடிய அம்பு குழைந்து குழைந்து பறந்தது. இலக்கின் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்துக்கு விட்டால் வலப்பக்கம் ஓடியது. அரியலூரில் தேர்வுப் போட்டி நெருங்கிவிட்டது, இந்த அம்போடு போனால் அணியில் இடம் கிடைக்காது என்று கோச் சொல்லிவிட்டார்.

அழுதுகொண்டு வந்த மகளை அறிவுச்செல்வன் வாசல் நிலையோடு சேர்த்து நிறுத்தினார். பொங்கலுக்குப் பொங்கல் அவள் உயரத்துக்கு அங்கேதான் பென்சிலால் கோடு போடுவார். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே. பார்த்தால், போன பொங்கல் கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது.

அறிவுச்செல்வன் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிள்ளைகள் இளைத்துப் போவதைப் பார்த்திருக்கிறார், குட்டையாகிப் போவதைப் பார்த்ததில்லை. மனைவி மணிமொழியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார்.

வினோதினி அழுகையை நிறுத்திவிட்டுக் கோட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"கோட்டையும் தாராளமா போட்டிருக்கீங்கப்பா. நான் வளந்து முடிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு."

அப்போதுதான் அவர் மகளைச் சரியாகப் பார்த்தார். எப்போது இவ்வளவு பெரியவளானாள் என்று தெரியவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார். ரசம் வைக்கும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அம்பு முனைகளை அமிழ்த்தி, பசை இளகியதும் ஒவ்வொன்றாக உருவினார். பாத்திரத்துக்காக மணிமொழி போட்ட சண்டை அவர் காதில் ஏறவே இல்லை. கடைக்கு எடுத்துப்போய், கோச் சொன்ன அளவுக்கே வெட்டி, முனைகளைத் திரும்பப் பொருத்தினார்.

அரியலூரில் அம்புகள் மஞ்சளிலேயே போய்க் கூடின. வினோதினிக்கு அணியில் இடம் கிடைத்தது. அங்கேயே கொடுத்த அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அரைக்கை முழங்கைக்குக் கீழே தொங்கியது, விளிம்பு முட்டியைத் தொட்டது.

வாயே திறக்கக் கூடாது என்றுதான் அறிவுச்செல்வன் நினைத்தார். முடியவில்லை.

"பாத்தியா, வெவரம் தெரிஞ்சவங்க" என்றார்.